கத்தியும் கல்லாவும்

ஒரு பில் மெஷின் வாங்க மனுஷனுக்கு எவ்வளவு நாள் வேண்டும்? தெருவில் மற்ற கடைக்காரர்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிவிட்டார்கள், துணிக்கடையில் வாங்கிவிட்டார்கள். எதிரே, ஓர் ஆள் நுழைந்தால் அடுத்த ஆளுக்கு இடமில்லாத பெட்டிக்குள் உட்கார்ந்து சாவி வெட்டுகிறாரே, அந்தச் சாவிக்காரர்கூட ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். நம்ம ஆள் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் கேட்டாலும் அதே பதில்தான். "பாத்துக்கிட்டு இருக்கேன்."

"என்ன கொசுறு, பொண்ணு பாக்குறதுக்குக்கூட யாரும் இவ்வளவு பிகு பண்ணமாட்டாங்களே!" என்று சாவிக்காரர் தெருவைத் தாண்டிக் கேட்கும்படி கத்துவார். இவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

கொசுறு என்பது தெரு வைத்த பெயர். சமைக்காமல் அப்படியே சாப்பிடுகிற சாமான்கள் விற்கிற கடை அவருடையது. உப்பில் ஊறிய கறி, புகை போட்ட வான்கோழி, நாலைந்து தினுசு சீஸ், எண்ணெயில் மிதக்கிற ஆலிவ் காய், காலையில் வந்து இறங்குகிற ரொட்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் வரிசையாக இருக்கும். கேட்டதை எடுத்து ஸ்லைசரில் வைத்துச் சீவுவார். துண்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற விரல் தெரிகிற மாதிரி மெல்லிசாகச் சீவுவார். தராசில் போட்டு எடை சரியாக நின்ற பிறகு மேலே இன்னொரு துண்டு வைப்பார். அதற்குக் காசு கிடையாது. குழந்தை வந்தாலும் சரி, கோட்டுப் போட்ட அதிகாரி வந்தாலும் சரி, அந்த ஒரு துண்டு உண்டு. அப்படி வந்த பெயர்தான் அது.

ஆனால் அந்தத் துண்டு தன்னிஷ்டத்துக்கு விழாது. அதற்கு ஒரு முறை இருந்தது. கத்தியும் தராசும் இவர் பக்கம், கல்லாப்பெட்டி அவர் மனைவி பக்கம். கண்ணாடிப் பெட்டி முடிகிற இடத்தில் ஓர் உயரமான ஸ்டூல், அதன் மேல் பூப்போட்ட உறை மாட்டிய மெத்தை, அதில் அந்தம்மாள். இவர் எடை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே, "இருநூறு, வெள்ளை!" என்பார். வெள்ளை என்றால் வெள்ளைச் சீஸ். அங்கிருந்து உடனே, "இருநூறு, வெள்ளை!" என்று திரும்பி வரும். விலையை மனசிலேயே போட்டுச் சொல்லிவிடுவாள். அவள் திருப்பிச் சொன்னால் எடை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கொசுறு. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். பகல் முழுக்க ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டு, ராத்திரிக்கு என்ன பாக்கி இருக்கப் போகிறது?

மகளுக்குத் தலைப்பிரசவம் என்று அந்தம்மாள் விமானம் ஏறிப் போனாள். மூன்று மாசத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் போனாள். மகளுக்கு வேலை, மருமகனுக்கும் வேலை, குழந்தையை யார் பார்ப்பது? மூன்று மாசம் ஆறாச்சு, ஆறு ஒரு வருஷமாச்சு, வருஷம் இரண்டாச்சு. அதற்குள் இரண்டாவதும் பிறந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இதில் பெரிய கஷ்டம். குற்றம் சொல்ல ஓர் ஆள் இருந்தால் கோபப்பட்டாவது பொழுதை ஓட்டலாம்.

இவர் ஒண்டி ஆளாகக் கடையை நடத்தினார். கறி வெட்டுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். காசு வாங்குகிற கையில் அது இருக்கக்கூடாது. ஆக, வெட்டு, நிறு, பொட்டலம் கட்டு, கையுறையைக் கழற்று, ஸ்டூல் பக்கம் ஓடு, கல்லாவைத் திற, சில்லறை கொடு, ஓடி வந்து புதுக் கையுறை மாட்டு. அடுத்த ஆள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டும். பாதிப் பேர் மணியைப் பார்த்துவிட்டு நைசாக நழுவிவிடுவார்கள். இவ்வளவு ஓடும்போதும் அந்த ஸ்டூலில் ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டார். நின்றபடிதான் கல்லாவைத் திறப்பார். வாரத்துக்கு ஒரு முறை மெத்தை உறையைக் கழற்றித் துவைத்து, காய வைத்து, திரும்ப மாட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடை மூடிவிடும். அப்புறம்தான் அந்தம்மாள் கூப்பிடுவாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம். ஆனால் வீடு இன்னும் மோசம். அங்கே இரண்டு நாற்காலி, இரண்டு தலையணை என்று எல்லாமே இரண்டிரண்டாக இருந்து தொலைக்கும். அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆலிவ் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து பேசுவார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். கால்வலி எப்படி, பரவாயில்லை. சின்னது என்ன பண்ணுது, தவழுது. கடைசியில் ஒவ்வொரு வாரமும் தவறாமல் ஒரு கேள்வி வரும்.

"மெஷின் வாங்கியாச்சா?"

"இல்லை. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ம்" என்பாள். போனை வைத்துவிடுவாள்.

அந்தக் கேள்வி இவருக்கு முள்ளாகக் குத்தும். மெஷின் வந்துவிட்டால் கல்லா பார்க்க ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்றால் அந்த ஸ்டூலுக்கு வேலை இல்லை. ஸ்டூலுக்கு வேலை இல்லை என்றால் அவள் திரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது? அவள் எப்போது கேட்டாலும், 'நான் இல்லாமலே சமாளிக்க ஏதாவது வழி பண்ணிக்கிட்டீங்களா?' என்று கேட்பதாகவே இவர் காதில் விழும். நிம்மதியாக அங்கேயே இருந்துவிட வழி தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். அதனால் எப்போது வருகிறாய் என்று இவர் கேட்டதே இல்லை. கேட்டு, அவள் ஒரு பதிலைச் சொல்லிவிட்டால்?

ஆனால் மெஷின்காரர்களை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதுதான் வேடிக்கை. வாங்குகிற எண்ணம் துளியும் இல்லை, ஆனால் வாரம் ஒருத்தருக்காவது போன் போட்டு வரச் சொல்வார். அதுவும் சாயங்காலத்துக்கு முந்தின மந்தமான நேரத்தில், ஈ ஓட்டுகிற வேளையாகப் பார்த்து. வந்தவருக்குக் காபி, இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் தாராளமாகக் கறி. அவர்கள் பையைத் திறந்து பளபளவென்று ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். கடை எத்தனை வருஷமா இருக்கு சார்? எது நல்லாப் போகும்? காலையில எத்தனை மணிக்கு வருவீங்க? எது சீக்கிரம் கெடும்? வெயில் காலத்துல எப்படி? இவர் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பதில் சொல்வார். அவர்கள் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். அவரைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்க உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்? மறுநாள் ஓர் ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவார்.

எல்லாம் பேசி முடித்து, "அப்ப எழுதிக்கலாமா சார்?" என்று அவர்கள் பேனாவைத் திறக்கிற நேரத்தில் இவர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்.

"கொசுறுக்கு என்ன வழி?"

"என்ன சார்?"

"எடை போட்ட பிறகு மேல ஒரு துண்டு வெப்பேன். அதுக்குக் காசு ஏறக்கூடாது."

அங்கேதான் எல்லாரும் கவிழ்ந்தார்கள். தலைமுடியை எண்ணெய் வைத்து ஒட்டவாரி வந்த ஒருத்தன், "அதை டிஸ்கவுன்ட்னு போட்டுக்கலாம் சார்" என்றான். "தள்ளுபடி வேற, கொசுறு வேற தம்பி. தள்ளுபடி கணக்குல வரும். கொசுறு மனசுல வர்றது" என்றார் இவர். இன்னொருத்தர், "துண்டை முதல்ல வெச்சுட்டு அப்புறம் எடை போடுங்களேன்" என்றார். "முதல்லயே வெச்சா அது எப்படிய்யா கொசுறு?" வேறொருத்தர் பொறுமை போய், "சார், இந்தக் காலத்துல கொசுறெல்லாம் யார் கேக்குறா?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருந்த கடைசிக் கறித்துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். ஒருத்தருக்கும் பிடி கொடுக்காமல் எல்லாரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். வந்து காபிக் கோப்பைகளைக் கழுவுவார். இரண்டு கோப்பை கழுவுகிற அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவரிடம்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். தட்டையான செருப்பு, தோளில் கனமான பை. மந்தமான நேரத்துக்கு வரச் சொல்லியிருக்க, உச்சி வேளையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது வந்து நின்றாள்.

"சாயங்காலம்னுதானே சொன்னேன் மேடம்?" என்றார் இவர், கையுறையோடு.

"கூட்டம் இல்லாதப்ப வந்தா உங்க கஷ்டம் எனக்கு எப்படித் தெரியும் சார்? நீங்க வேலையைப் பாருங்க. நான் ஓரமா நிக்குறேன்."

குளிர்ப்பெட்டி பக்கத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். இவர் வெட்டினார், நிறுத்தார், கழற்றினார், ஓடினார், மாட்டினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள், வருஷக்கணக்காக வருகிறவள். கடிகாரத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், "இன்னைக்கும் முடியாது போல இருக்கு, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். இவருக்கு முகம் தொங்கிவிட்டது. போன வாரமும் அவள் இதையே சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. நின்று நின்று அந்தப் பெண்ணுக்குக் கால் கடுத்திருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து, ஸ்டூலை இழுத்து, உட்காரப் போனாள்.

"அதுல உக்காராதீங்க!"

கத்திவிட்டார். சாவிக்காரர் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டார். அவள் அப்படியே நின்றாள். இவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஒரு பெண்பிள்ளையை, அதுவும் வந்த இடத்தில், இப்படியா அதட்டுவது? அவசர அவசரமாக ஆலிவ் பெட்டியைக் கவிழ்த்து, மேலே சுத்தமான தாளை விரித்து, "இதுல உக்காருங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கையைப் பிசைந்தார்.

அவள் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் உட்கார்ந்து ஸ்டூலையே பார்த்தாள். மெத்தை உறையில் வெளுத்துப்போன பூக்கள். துவைத்துத் துவைத்து வெளுத்தவை.

"எங்க போயிருக்காங்க?" என்று கேட்டாள்.

"மக வீட்டுக்கு."

"எப்ப வர்றாங்க?"

"வருவா" என்றார்.

அவள் தன் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டீங்களே?" என்றாள். "இந்தத் தொழில்ல இருக்குற எல்லாரும் உங்களைப் பத்திப் பேசிக்கிறாங்க. அங்க போனா நல்லா சாப்பிடலாம், ஆனா வாங்கமாட்டார்னு. நான் கடைசின்னு வெச்சுக்கங்களேன். எனக்கு அப்புறம் யாரும் வரமாட்டாங்க."

இவருக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் பொத்தென்று விழுந்தது. இனிமேல் யாரும் வரமாட்டார்கள். கோப்பை ஒன்றுதான்.

அவள் பையைத் திறந்து மெஷினை எடுத்தாள். கல்லாப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தராசுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, ஒரு வயரால் தராசோடு இணைத்தாள். "இது இங்கதான் இருக்கும், உங்க கத்தி பக்கத்துலயே. வர்றவங்க கண்ணாடிக்கு மேல கையை நீட்டி கார்டைக் காட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க கிளவுஸைக் கழட்ட வேணாம். சில்லறையாக் குடுக்கிறவங்களுக்கு மட்டும் கழட்டித்தான் ஆகணும், பொய் சொல்லமாட்டேன். ஸ்டூல் பக்கம் இது வரவே வராது. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்."

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடைசி ஆயுதம் ஒன்று மிச்சம் இருந்தது. "கொசுறுக்கு என்ன வழி?"

"இங்க வாங்க" என்றாள். ஒரு துண்டு சீஸைத் தராசில் வைக்கச் சொன்னாள். மெஷினில் எண் ஓடி நின்றது. அதன் ஓரத்தில் இருந்த பெரிய பொத்தானை முழங்கையால் தட்டினாள். டிக் என்று ஒரு சத்தம். "எடை பூட்டிக்கிச்சு. இனிமே மேல எவ்வளவு வெச்சாலும் ஏறாது. வையுங்க பாப்போம்."

இவர் ஒரு துண்டு வைத்தார். எண் அசையவில்லை. இன்னொன்று வைத்தார். அசையவில்லை. முழுச் சீஸ் கட்டியையே தூக்கி வைத்தார். ம்ஹூம். அடப்பாவி என்றிருந்தது அவருக்கு. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. நாளைக்கு அந்த நர்ஸும் வராமல் போய்விட்டால்? ஸ்டூலை இது தொடப்போவதில்லை என்கிறாளே. சரி என்று தலையாட்டினார்.

அவளே உட்கார்ந்து எல்லாச் சாமான் பேரையும் மெஷினில் ஏற்றிக் கொடுத்தாள். இவர் சொல்லச் சொல்ல, வெள்ளை, மஞ்சள், புகை போட்டது, கறுப்பு ஆலிவ், பச்சை ஆலிவ். கடைசியில், "எத்தனை பேர் இதுல வேலை செய்வீங்க? ஒருத்தர்தானே? ரெண்டாவது ஆள்னா அதுக்கு மாசாமாசம் தனியாக் கட்டணும்" என்றாள்.

"ரெண்டு பேர்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள். "பேரு சொல்லுங்க. முதல்ல உங்களுக்கு."

"கத்தின்னு போட்டுக்கங்க."

"அவங்க பேரு?"

இவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கடையில் எடைதான் பேர், வீட்டில் 'இந்தா'தான் பேர். இப்போது முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அந்தப் பேரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "கல்லா" என்றார். போன் நம்பர் கேட்டாள். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னார். அவள் தட்டி முடித்துவிட்டு, காபி குடித்துவிட்டு, "வர்றேன் சார்" என்று போனாள். வர்றேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான் என்று இவருக்குத் தெரியும்.

மெஷின் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சங்கடம். வரிசை மளமளவென்று நகர்ந்தது. முன்பெல்லாம் இவர் கையுறையைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில் யாராவது முழங்கால் வலியைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசுவார்கள். இப்போது கார்டைக் காட்டினார்கள், பீப் என்றது, போனார்கள். நர்ஸ்கூட ஒரு சிரிப்போடு போய்விட்டாள். "இருநூறு, வெள்ளை!" என்று பழக்கத்தில் குரல் கொடுப்பார். டிக் என்று மெஷின் பூட்டிக்கொள்ளும். முன்பு அந்தம்மாள் குரல் வந்த இடத்தில் இப்போது அந்த டிக். மேலே ஒரு துண்டு வைத்துக் கட்டிக் கொடுப்பார்.

மந்தமான நேரத்தில் ஒருநாள், பில் தாள் சுருள் மாட்டத் தெரியவில்லை என்று சாக்கு வைத்து, மெஷினில் ஒட்டியிருந்த உதவி நம்பருக்குக் கூப்பிட்டார். பதிவு செய்த குரல் ஒன்று, ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்றது. ஒன்றையும் அழுத்தவில்லை. அது கடைசி வரை சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். தாள் சுருள் ஏற்கெனவே சரியாகத்தான் மாட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டீங்களா, கால்வலி, சின்னது. அப்புறம் கேள்வி.

"மெஷின் வாங்கியாச்சா?"

"வாங்கிட்டேன்!" என்றார். அவள் சந்தோஷப்படட்டும் என்று குரலை வேண்டுமென்றே தூக்கிச் சொன்னார்.

"வாங்கிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள்.

"ம். நல்லா இருக்கு. வரிசை நிக்கவே மாட்டேங்குது. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

"அப்ப சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

அப்பாடா, அவள் பாரம் இறங்கியது என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டு ஆலிவ் பெட்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழ வேண்டும் போல இருந்தது. இந்த வயதில், பாதி இறக்கிய ஷட்டருக்குள், யாருக்காக அழுவது என்று எழுந்து தரையைக் கழுவிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. மகள்தான் கூப்பிட்டாள். "அம்மாவுக்குத் தலைவலிப்பா, படுத்திருக்கா." இவர் சரி சரி என்றார். தலைவலிக்கு மாத்திரை போட்டாளா என்று கேட்டார். வேறு என்ன கேட்பது? அவள் இவ்வளவு நாளில் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. மெஷின் வந்துவிட்டது, இனிமேல் கூப்பிட வேண்டிய வேலையும் இல்லை என்றாகிவிட்டது. அந்த வாரம் மெத்தை உறையைத் துவைக்கக் கழற்றப் போனார். கை ஓடவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

வாரத்தின் நடுவில் ஒருநாள், உச்சி வேளைக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. போன் அடித்தது. அவள்தான். ஞாயிறு அல்லாத நாளில் அவள் கூப்பிட்டால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கையுறையோடே போனை எடுத்தார்.

"என்னம்மா? பிள்ளைங்க நல்லா இருக்கா?"

"பிள்ளைங்களுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. கல்லாவுல யாரை உக்கார வெச்சிருக்கீங்க?"

"என்னது?"

"மறைக்காதீங்க. போன்ல ஏதோ வந்திருந்துச்சு. விளம்பரம், தொடாதேன்னு உங்க மக சொன்னா. இன்னைக்குத் தட்டிப் பாத்தா நம்ம கடை. வெள்ளை, மஞ்சள், எல்லாம் இருக்கு. கத்தின்னு ஒருத்தர், கல்லான்னு ஒருத்தர். கத்தி நீங்க. கல்லா யாரு? ஆள் வெச்சா வெச்சுட்டேன்னு சொல்றதுக்கு என்ன? என் ஸ்டூல்ல யாரு உக்காந்திருக்கா?"

குரலில் மூக்கு நுனிக் கோபம். இவர் திரும்பி ஸ்டூலைப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது, அழுக்கு உறையோடு.

"யாரும் இல்லை" என்றார்.

"பொய். பேர் இருக்கு."

"அந்தக் கல்லா பேருக்குப் பக்கத்துல ஏதாவது பில் இருக்கா பாரு."

அவள் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை. வெறும் சைபரா இருக்கு" என்றாள்.

"உன் போனுக்கு ஏன் வந்துச்சுன்னு யோசிச்சியா? கல்லா நீதான். ரெண்டு பேர்னு சொல்லி எழுதினேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பொருளைத் தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அதுக்கு மாசாமாசம் கட்டணுமாமே? இதுலயே போட்டிருக்கு."

"கட்டுறேன்."

"நான் எங்கயோ இருக்கேன். எனக்குப் போய்க் கட்டுறீங்களா?"

"இருக்கட்டுமே."

அவள் அழுகிறாள் என்பது இவருக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் அழுகிறவள், மூச்சு மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். அழுதுகொண்டே திட்டினாள். "ஏன் வாங்கினீங்க அந்த எழவெடுத்த மெஷினை?"

"நீதானே வாரா வாரம் வாங்கியாச்சா வாங்கியாச்சான்னு கேட்டே?"

"இல்லைன்னு நீங்க சொல்றதைக் கேக்கத்தான் கேட்டேன்!" என்றாள். "இன்னும் வாங்கலை, அப்ப நம்ம இடம் இருக்குன்னு நினைச்சுக்குவேன். அதை வெச்சு இன்னொரு வாரம் ஓட்டுவேன். இங்க காலையில இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பேச யாரு இருக்கா? ஜன்னல்ல பாத்தா எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கு. நீங்க ஒரு தடவையாவது எப்ப வர்றேன்னு கேட்டீங்களா? கேக்கவே இல்லையே. போனவ போகட்டும்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

இவர் ஸ்லைசரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கேள்வியை எப்படியெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்து மனசைப் புண்ணாக்கிக்கொண்டார்! அதற்கு அடியில் இவ்வளவுதானா இருந்தது?

"வந்துரேன்" என்றார். சொல்லிவிட்டார், கடைசியில்.

"எப்படிங்க வர்றது? சின்னது இப்பத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பள்ளிக்கூடம் போற வரைக்கும் இவளால ஒண்டியா முடியாது. விட்டுட்டு வர எனக்கும் மனசு வராது. தெரியும்ல உங்களுக்கு?"

தெரியும். அதற்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன என்பதும் தெரியும். வாசலில் ஆள் வந்து நின்றார். "ஆள் வந்திருக்காங்க போல, பாருங்க" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். வந்தவருக்கு இவர் எதை எவ்வளவு வெட்டினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு துண்டு கொசுறாக விழுந்தது மட்டும் நிச்சயம்.

அன்று சாயங்காலம் மெத்தை உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கி, பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தராசுக்குப் பக்கத்தில் மெஷின் பச்சை விளக்கோடு நின்றது. நேரத்துக்குப் போன் அடித்தது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். கால்வலி எப்படி, பரவாயில்லை. சின்னது என்ன பண்ணுது, ரெண்டு அடி வெச்சுச்சு, விழுந்துச்சு. அப்புறம் கேள்வி.

"மெஷின் வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

இவர் மெஷினைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அவசரம் இல்லை" என்றாள் அவள். "நிதானமாப் பாருங்க."